பெருவுக்குப் போகும் முன் திரும்பி வரத் தயாராகுங்கள்



பிரிக்பீல்ட்ஸில் நின்றுகொண்டு காலடியில் நேர் கீழாகத் துளை போட்டுக்கொண்டே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் மறுபக்கத்தில் தலையை நீட்டினால் எங்கே இருப்போம்? தென் அமெரிக்காவில், ஈக்வடோர் நாட்டின் தென்கிழக்கில், பெரு நாட்டு எல்லைக்கு அருகில் இருப்போம். கோலாலம்பூரிலிருந்து அதைவிடத் தூரமான இடம் உலகத்திலேயே கிடையாது. அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வீட்டை நோக்கித்தான் வர வேண்டும்.

பெருவின் தலைநகரான லீமாவுக்கும் நமக்கும் 13 மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் அங்கே அன்று காலை எட்டு மணி. இவ்வளவு தூரம் இருந்தும், மச்சு பிச்சுவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. 1911-ல் ஹைரம் பிங்காம் என்ற அமெரிக்கர் வெளியுலகத்துக்குத் தெரியப்படுத்திய இன்கா நகரம் அது. 1983-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2007-ல் தாஜ்மஹாலோடு சேர்ந்து புதிய ஏழு அதிசயங்களின் பட்டியலிலும் இடம்பிடித்தது.

போவதற்கு என்னென்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். திரும்பி வருவதற்கு என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. பெருவைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கான வேலைகள் பெரும்பாலும் லீமாவில் முடிகிறவை அல்ல. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் முடிக்க வேண்டியவை.

தூரத்து ஊர், தெரிந்த பொருள்கள்

பெரு நமக்கு முற்றிலும் அந்நியமான நாடு இல்லை. உருளைக்கிழங்கின் தாய்வீடு ஆண்டிஸ் மலைத்தொடர். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள்தான். அவை கடல் கடந்து வருவதற்கு முன் தமிழன் வீட்டுக் குழம்பில் காரத்துக்கு மிளகுதான்.

நம் தாத்தா பாட்டிகளை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த பால்மரமும் அமேசான் காட்டு மரம். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் முதலில் இலங்கைக்கும், 1877-ல் சிங்கப்பூருக்கும் வந்தன. அதே அமேசான் காடுதான் பெரு நாட்டு நிலப்பரப்பில் பாதிக்கு மேல் பரந்து கிடக்கிறது.

தோட்ட மருத்துவமனைகளில் மலேரியாவுக்குக் கொடுத்த கசப்பு மருந்து நினைவிருக்கிறதா? குவினின். அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்தது. அந்த மரத்தின் படம் பெரு நாட்டின் அரசுச் சின்னத்திலேயே இருக்கிறது.

மஞ்சள் அட்டை இல்லாமல் வீடு திரும்ப வேண்டாம்

பெருவுக்குள் நுழைய மலேசியர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடிநுழைவு அதிகாரி முடிவு செய்வார். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் கோலாலம்பூரிலுள்ள பெரு தூதரகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

சிக்கல் திரும்பி வரும்போதுதான் வரும். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. பிரேசில், கொலம்பியா, பொலிவியா, ஈக்வடோர், அர்ஜென்டினா ஆகியவையும் இருக்கின்றன. சிலி அதில் இல்லை. அந்தப் பட்டியலிலுள்ள நாட்டிலிருந்து மலேசியாவுக்குள் வரும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எவரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்த நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கல் செய்திருந்தாலும் இந்த விதி பொருந்தும். மலேசியக் குடிமக்களுக்கு விலக்கு கிடையாது. சான்றிதழ் இல்லாதவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இரண்டு நாள் பறந்து, களைத்துப்போய் கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கி, குடும்பம் வெளியே காத்திருக்கும்போது இப்படி ஒரு நிலை வருவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

"நாங்கள் அமேசான் காட்டுக்கே போகவில்லை. லீமாவும் குஸ்கோவும் மச்சு பிச்சுவும் மட்டும்தான் பார்த்தோம்" என்று சிலர் சொல்வார்கள். அந்த மூன்று இடங்களிலும் மஞ்சள் காய்ச்சல் பரவுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டு விதி ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைத்தான் பார்க்கிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால், கிள்ளானின் கதையையே பதிலாகச் சொல்லலாம். 1901-ல் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான். திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியா பரவி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடிகட்டி, புதர்களை வெட்டி, கொசு பெருகும் இடங்களை ஒழித்தார். ஊர் பிழைத்தது. கொசுவை அடக்கி ஓர் ஊரைக் காப்பாற்றியதற்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் நிகழ்ச்சி அது.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது வேறு கொசு. பெயர் ஏடிஸ். ஆமாம், இங்கே டிங்கிக் காய்ச்சலைப் பரப்புகிற அதே கொசுதான். செந்தூலிலும் ஷா ஆலமிலும் பூச்சட்டித் தண்ணீரில் முட்டையிடுகிற கொசு. மஞ்சள் காய்ச்சல் இதுவரை ஆசியாவில் வேரூன்றியதில்லை. 2016-ல் அங்கோலாவிலிருந்து சீனாவுக்குத் திரும்பியவர்களில் 11 பேருக்கு அந்நோய் இருந்தது. நல்லவேளையாக அங்கே அது பரவவில்லை. பரப்புவதற்குக் கொசு இங்கே தயாராக இருக்கிறது, கிருமி மட்டும்தான் இல்லை. அதை யாரும் தெரியாமல் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த அட்டை. 2025-ல் கொலம்பியா, பிரேசில், பெரு, பொலிவியா ஆகிய நாடுகளில் அந்நோய் மறுபடியும் தலைதூக்கியது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். இந்தத் தடுப்பூசியைச் சுகாதார அமைச்சு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் போட்டுவிட்டு ரசீதைக் காட்டினால் செல்லாது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டால் எங்கே போடுகிறார்கள் என்று சொல்வார்கள். கடப்பிதழைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஜூன் 20-ல் விமானம் என்றால் ஜூன் 10-க்குப் பிறகு தள்ளிப்போடக் கூடாது. ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு தடவை போட்டால் போதும். 2016 ஜூலை 11 முதல் அந்த அட்டை ஆயுளுக்கும் செல்லும். முன்பு போட்டுக்கொண்ட பழைய அட்டைக்கும் அதே விதிதான்.

எல்லோருக்கும் இந்த ஊசி ஏற்றதல்ல. இதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. அறுபது வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். ஊசி வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்தால், அதற்கான விலக்குக் கடிதத்தை முன்கூட்டியே முறையாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தோடு வந்தாலும் கண்காணிப்பில் வைப்பதா இல்லையா என்பது அதிகாரியின் முடிவு. அதையும் எதிர்பார்த்துத்தான் புறப்பட வேண்டும்.

ஏ/எல், ஏ/பி என்ற சின்னக் கோடு

நம் கடப்பிதழில் பெயருக்கு நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி என்று இருக்கும். மலேசியாவில் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளிநாட்டு இணையத்தளங்கள் அந்தச் சாய்ந்த கோட்டை ஏற்றுக்கொள்வதில்லை. அதோடு குடும்பப் பெயர் என்ன என்று தனிக் கட்டத்தில் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயர்தான் உண்டு. பெருவில் ஒருவருக்குத் தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக இரண்டு குடும்பப் பெயர்கள். அதனால் தங்கும் விடுதியில் படிவத்தைப் பார்க்கிறவருக்கு நம் பெயர் புரியாமல் போகலாம்.

இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். விமானச் சீட்டு, மஞ்சள் அட்டை, மச்சு பிச்சு நுழைவுச் சீட்டு, ரயில் சீட்டு, காப்புறுதி எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி, ஒரே வரிசையில், கடப்பிதழில் உள்ள எழுத்துப்படி இருக்க வேண்டும். கோடு மட்டும் விடுபடலாம். ஒன்றில் தந்தை பெயரை விட்டுவிட்டு, இன்னொன்றில் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடக் கூடாது. மச்சு பிச்சு வாசலில் சீட்டையும் கடப்பிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கடப்பிதழ் திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

எந்த வழியாகப் பறப்பது?

கோலாலம்பூரிலிருந்து தென் அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து விமான நிலைய ரயிலைப் பிடிப்பதுவரைதான் சுலபம். அதற்குப் பிறகு எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய உலகத்தைப் பாதி சுற்றியாக வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், மாட்ரிட் போன்ற ஐரோப்பிய நகரங்கள் வழியாக லீமாவுக்குப் போகலாம். ஆஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து வழியாக சிலியின் சந்தியாகோவுக்குப் போய், அங்கிருந்து லீமா போவது இன்னொரு வழி. அமெரிக்கா வழியாகவும் போகலாம், சில சமயம் அது மலிவாகவும் தெரியும். ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட மலேசியர்களுக்கு விசா வேண்டும். வெளியே வரமாட்டேன், விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னாலும் ஏற்கமாட்டார்கள். கனடாவிலும் விசா இல்லாமல் விமானம் மாற முடியாது. மலிவுச் சீட்டை வாங்கிவிட்டு, கே.எல்.ஐ.ஏ. முகப்பிலேயே ஏற்ற மறுத்தால் அந்தப் பணம் போனதுதான்.

தனித்தனியாகச் சீட்டு எடுப்பதிலும் ஆபத்து உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்தை நடத்துகிற நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே முன்பதிவில் முழுப் பயணமும் இருப்பது பாதுகாப்பு.

எந்த மாதம், எந்தச் சீட்டு?

பெரு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. குஸ்கோ பகுதியில் மே முதல் அக்டோபர்வரை வறண்ட காலம். நவம்பரிலிருந்து மார்ச்வரை மழை. நம்மில் பலர் ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில்தான் நீண்ட பயணம் போவார்கள். அது அங்கே மழைக்காலம். 2010 ஜனவரியில் வெள்ளம் ரயில் பாதையை அரித்துவிட்டதால், மச்சு பிச்சு அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுப்பயணிகள் சிக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டார்கள். முடிந்தால் ஆண்டின் நடுப்பகுதியில் போங்கள். ஜூன் 24-ல் குஸ்கோவில் இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழா நடக்கும். ஆனால் அந்த மாதங்களில் இரவுக் குளிர் சுழியப் பாகைக்கே இறங்கும். கேமரன் மலைக்கு எடுத்துப்போகும் குளிராடை போதாது.

மச்சு பிச்சுவுக்குச் சாலை வழி கிடையாது. ஒல்லந்தாய்தம்போ ஊரிலிருந்து ரயிலில் அடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து பேருந்தில் மேலே ஏறுவதுதான் பலரும் போகும் வழி. ரயிலில் சிறு பை மட்டுமே அனுமதி, பெரிய பெட்டியை விடுதியில் விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு 4,500 பேர், குறிப்பிட்ட சில நாள்களில் 5,600 பேர் என்று எண்ணிக்கையை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருக்கிறது. சீட்டில் நாளும் நேரமும் நடக்க வேண்டிய பாதையும் குறித்திருக்கும். படங்களில் பார்க்கிற அந்த முழுக் காட்சி எல்லாப் பாதையிலிருந்தும் தெரியாது. எந்தப் பாதை என்று பார்த்து, மாதங்களுக்கு முன்பே வாங்க வேண்டும். உள்ளே கழிவறை இல்லை. வாசலுக்கு வெளியேதான் உண்டு.

கெந்திங்கைப் போல் இரண்டு மடங்கு உயரம்

கெந்திங் மலை சுமார் 1,800 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். குஸ்கோ நகரம் 3,400 மீட்டர். திதிகாகா ஏரி 3,812 மீட்டர். இப்போது பலரும் போகும் வானவில் மலை 5,000 மீட்டரைத் தாண்டியது, நம் கினாபாலு மலையைவிட உயரம். கடலோர லீமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. குஸ்கோவில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வாயு கிள்ளானில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

அதனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்ற வேறுபாடெல்லாம் அதற்குத் தெரியாது. நல்ல யோசனை ஒன்று உண்டு. குஸ்கோவில் இறங்கிய அன்றே அங்கே தங்காமல், பக்கத்திலுள்ள புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபாம்பா, ஒல்லந்தாய்தம்போ ஆகிய ஊர்கள் 2,900 மீட்டருக்குள்தான் இருக்கின்றன. மச்சு பிச்சு இன்னும் தாழ்வு, 2,430 மீட்டர். அதைப் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் குஸ்கோவில் தங்கினால் உடம்பு பழகியிருக்கும். முதல் இரண்டு நாள் மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மது கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அது சாதாரணத் தலைவலி இல்லை. உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. இருதய அறுவை செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போகவே கூடாது என்பதில்லை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன் மருத்துவரைப் பார்த்து மூன்று விஷயம் கேட்க வேண்டும். இந்த உயரம் தாங்குமா? 13 மணி நேர வித்தியாசத்தில் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது? உயரத்துக்கான அசெட்டசோலமைட் மாத்திரை ஒத்துவருமா? சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பக் கூடாது, உறைந்துவிட்டால் பயன்படாது. மருந்து எல்லாம் மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் இருக்க வேண்டும். கடுங்குளிரிலும் உயரத்திலும் சர்க்கரை அளக்கும் கருவி தவறான அளவைக் காட்டலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாடும் நாலு வார்த்தையும்

பெருக்காரர்கள் நம்மைப் போல் சோறு சாப்பிடுகிறவர்கள். ஒரே தட்டில் சோறும் உருளைக்கிழங்கும் சேர்ந்து வரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'ரெஸ்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பொருள் மாடு. தெருவோரத்தில் மணக்க மணக்கச் சுடும் அன்டிகுச்சோ பெரும்பாலும் மாட்டு இருதயம். லோமோ சல்தாதோ என்ற புகழ்பெற்ற வறுவலும் மாட்டிறைச்சிதான். 'நோ கோமோ கார்னே தெ ரெஸ்' என்றால் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று பொருள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் போதாது. கோழியும் மீனும் இறைச்சிக் கணக்கில் வராமல் தட்டுக்கு வந்துவிடும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்ல வேண்டும். காய்கறி சூப்பு கோழிச் சாற்றில் செய்ததாக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சீனர்கள் அங்கே குடியேறி உருவாக்கிய 'சீஃபா' உணவகங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே 'அரோஸ் சௌஃபா' என்று கேட்டால் நம் நாசி கோரேங்கைப் போன்ற ஒன்று கிடைக்கும். காரம் வேண்டும் என்றால் 'ரொகோட்டோ' மிளகாய் இருக்கிறது. சம்பல் சாப்பிட்டுப் பழகிய நாக்கும் அதற்கு மரியாதை கொடுக்கும்.

ஸ்பானிய மொழி தமிழருக்குக் கஷ்டமில்லை. 'ஞ' ஒலி அதில் உண்டு. மலைவாழ் மக்கள் பேசும் கெச்சுவா மொழி இன்னும் சுவையானது. வீட்டுக்கு 'வாசி', வீடுகளுக்கு 'வாசிகுனா', வீடுகளில் என்பதற்கு 'வாசிகுனாபி'. தமிழைப் போலவே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகும். தமிழில் நாம், நாங்கள் என்றும், மலாயில் கித்தா, காமி என்றும் பிரிப்பதைப் போல அங்கேயும் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. இதை வைத்து உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் சந்தையில் பேச்சுக் கொடுக்க நல்ல விஷயம்.

கையில் காசு, பையில் கவனம்

அங்கே சோல் என்ற நாணயம். மலேசிய வெள்ளியை மாற்ற முடியாது. அமெரிக்க டாலர் எடுத்துப்போக வேண்டும். ஓரம் கிழிந்த நோட்டு, பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டு, கசங்கிய நோட்டு எதையும் வாங்கமாட்டார்கள். இங்கே நாணய மாற்று வணிகரிடமே நல்ல தாள்களாகப் பார்த்து வாங்குங்கள். அங்கே தெருவில் நின்று மாற்றக் கூடாது, கள்ள நோட்டு உண்டு.

மின்சாரம் 220 வோல்ட், ஆனால் நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. காகிதத்தையும் தொட்டிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். ஒரு சிறு போத்தலைப் பையில் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

லீமாவில் 2025 ஜூனில் புதிய விமான நிலைய முனையம் திறந்தார்கள். வாசலில் வந்து கையைப் பிடித்து இழுக்கும் வாடகைக் காரில் ஏறாமல், உள்ளேயே பதிவு செய்யும் காரில் போவது நல்லது. சாதாரண வாடகைக் கார்களில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிவிட வேண்டும். சாலையோரத்தில் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தால் பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

பெருவில் அரசியல் கொந்தளிப்பும் அடிக்கடி வரும். 2023 ஜனவரியில் போராட்டங்களால் மச்சு பிச்சுவையே சில வாரம் மூடிவிட்டார்கள். 2025 அக்டோபரில் குற்றச் செயல்கள் பெருகியதால் லீமாவில் அவசரநிலை அறிவித்தார்கள். புறப்படுவதற்கு முன் வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பாருங்கள். லீமாவில் மலேசியத் தூதரகம் இருக்கிறது, அதன் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி வாங்கும்போது உயரமான இடங்களும், பயணம் பாதியில் நிற்பதும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் வரக் கூடாதவை

குஸ்கோ விடுதிகளில் காலையிலேயே கொக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். உயர நோய்க்குக் காலங்காலமாக அங்கே குடிப்பது அது. அங்கே சட்டப்படி விற்கிறார்கள். கடைகளில் அழகான சிறு பொட்டலங்களாகவும் மிட்டாயாகவும் கிடைக்கும். அலுவலக நண்பர்களுக்கு நினைவுப் பொருளாக நாலு பாக்கெட் வாங்கிவரத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

கொக்கைன் எடுப்பது அந்த இலையிலிருந்துதான். மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் கொக்கா இலையும் அடங்கும். தேநீர்ப் பை என்று சொல்லி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்தத் தேநீரைக் குடித்தவரின் சிறுநீர்ப் பரிசோதனையிலேயே கொக்கைன் அடையாளம் தெரியக்கூடும். ஆகவே திரும்பும் நாளை ஒட்டி அதைக் குடிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். தலைவலிக்கு முன்யா என்ற மூலிகைத் தேநீரும் அங்கே உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து அடுத்தவர் கொடுக்கும் பொட்டலம். கொலம்பியாவுக்கு அடுத்தபடியாகக் கொக்கைன் அதிகம் உற்பத்தியாவது பெருவில். இணையத்தில் அறிமுகமாகி, காதல் பேசி, இலவசப் பயணச்சீட்டு அனுப்பி, திரும்பும்போது ஒரு பெட்டியைக் கொடுத்துவிடும் கும்பல்களைப் பற்றி மலேசியக் காவல்துறை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. ஏமாந்தவர்களில் பெண்கள், மாணவர்கள் உண்டு. பெருவில் பிடிபட்டால் பல ஆண்டு சிறை. இங்கே பிடிபட்டால் அதைவிட மோசம். கட்டாய மரண தண்டனை 2023-ல் நீக்கப்பட்டிருந்தாலும், நீதிபதி விதிக்கக்கூடிய தண்டனையாக அது இன்னும் இருக்கிறது. உங்கள் பெட்டியை நீங்களே அடுக்குங்கள், நீங்களே பூட்டுங்கள். யாராவது இலவசமாக உங்களைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினால், அந்தச் செலவை யார், எதற்காக ஏற்கிறார்கள் என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாவதாக, இலை, விதை, மண். பால்மரத்தின் தாய்நாட்டில் அதன் எமனும் இருக்கிறது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் என்பது ஒரு பூஞ்சை. ஹென்றி ஃபோர்டு 1928-ல் பிரேசிலில் ஃபோர்ட்லாண்டியா என்ற பெரிய ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். மரங்களை நெருக்கமாக நட்டதும் அந்த நோய் இலைகளை அழித்தது. 1945-ல் அதை விட்டே விலகினார்கள். ஆசியாவில் அந்த நோய் இன்றுவரை இல்லை. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டம் அயல்நாட்டுச் செடிகளைக் கட்டுப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அமேசான் காட்டுக்குப் போனவர்கள் காலணியைக் கழுவி, துணிகளைத் துவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அழகான விதை, காய்ந்த இலை, பூச்செடி எதையும் கொண்டுவரக் கூடாது. இன்னும் பால்மரத்தை நம்பிப் பிழைக்கும் சிறு தோட்டக்காரர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

சுருக்கமாக ஒரு கணக்கு

புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்: கடப்பிதழ் காலாவதியைப் பாருங்கள். எந்த வழியாகப் போவது, அங்கே இடைவழி விசா வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

மூன்று மாதம் முன்: விமானச் சீட்டு, மச்சு பிச்சு சீட்டு, ரயில் சீட்டு. எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

ஒரு மாதம் முன்: மருத்துவர், மஞ்சள் காய்ச்சல் ஊசி, காப்புறுதி.

ஒரு வாரம் முன்: சுத்தமான டாலர் நோட்டு, மருந்துக் கடிதம், வெளியுறவு அமைச்சின் அறிவிப்பு. மஞ்சள் அட்டையைக் கடப்பிதழோடு சேர்த்து வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள்.

திரும்பும் நாளுக்கு முந்தின இரவு: பெட்டியைக் கொட்டி மறுபடியும் அடுக்குங்கள். கொக்கா இல்லை, விதை இல்லை, அடுத்தவர் பொருள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் செய்து முடித்தவருக்குப் பெருவில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. காலைப் பனி விலகும்போது மச்சு பிச்சுவைப் பார்க்கலாம். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் இன்காக்கள் அடுக்கிய கற்களுக்கு நடுவே இன்றும் கத்திமுனை நுழையாததை வியக்கலாம். சந்தையில் ஊதா நிற உருளைக்கிழங்கை வாங்கிச் சாப்பிடலாம். ஊருக்கு வரும்போது படங்களையும் கதைகளையும் கொண்டு வாருங்கள். மற்றவை அங்கேயே இருக்கட்டும்.